லவுடன், மான்ட்கோமரி, கிளார்க்: வீடு பெருகும்போது யார் போட்ட கணக்கு நின்றது?

வாஷிங்டனுக்கு வடமேற்கே, பொடோமாக் ஆற்றில் வைட்ஸ் ஃபெரி என்று ஒரு படகுத்துறை இருக்கிறது. கரைக்குக் கரை கட்டிய கம்பியைப் பிடித்தபடி கார்களை ஏற்றிக்கொண்டு போகும் படகு. வர்ஜீனியா கரையில் படகு ஒதுங்கும் நிலம் பற்றிய வழக்கால் 2020 டிசம்பரில் நின்றுபோனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையற்றுப் போய், பாலம் இருக்கிற பாயின்ட் ஆஃப் ராக்ஸ் வழியாகச் சுற்றிக்கொண்டு மேரிலாந்து கரைக்குப் போய் நின்றேன். எதிர்க்கரையில் கூப்பிடு தூரத்தில் நான் வாழும் லவுடன் கவுண்டி.

எனக்கு உறுத்தியது இதுதான். நான் நின்ற பக்கம் மான்ட்கோமரி கவுண்டி. 2020 கணக்கெடுப்பில் 10,62,061 பேர். ஆனால் சுற்றிலும் சோளக்கொல்லை, குதிரைப் பண்ணை, ஒற்றை வண்டி போகும் சாலை. எதிரே லவுடனில் 4,20,959 பேர்தான். அந்தப் பக்கம் சில மைல் போனால் கவுண்டியின் தலைநகரான லீஸ்பர்க். அங்கிருந்து கிழக்கே விமான நிலையம் வரை ஒரே மாதிரி வீடுகளின் வரிசை, நடுவில் ஜன்னல் இல்லாத டேட்டா சென்டர் கட்டடங்கள். ஜனம் அதிகமுள்ள பக்கம் வயல் மிஞ்சியிருக்கிறது. குறைவான பக்கம் மேற்குப் பாதியில் மட்டும் மிச்சமிருக்கிறது, அதுவும் மனை மனையாகக் கரைந்துகொண்டு.

கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி என்று சொல்லிவிடலாம். ஆனால் பள்ளிக்கூடம், போலீஸ், தீயணைப்பு, எங்கே என்ன கட்டலாம் என்ற ஜோனிங் எல்லாம் அதன் தலையில்தான். காசில் பெரிய பங்கு வீடு, நிலம் மீதான சொத்து வரியிலிருந்து வருகிறது. இங்கேதான் சிக்கல். அமெரிக்கன் ஃபார்ம்லேண்ட் டிரஸ்ட் என்ற அமைப்பு நாடெங்கும் பல ஊர்களின் வரவு செலவைத் தொகுத்திருக்கிறது. அதன் நடுத்தரக் கணக்கில், வீடுகள் தரும் ஒவ்வொரு டாலர் வரிக்கும் அந்த வீடுகளுக்கான சேவைச் செலவு 1.16 டாலர். விளைநிலத்துக்கு 37 சென்ட். மாடு பள்ளிக்கூடம் போவதில்லை, சோளம் அவசர உதவிக்கு 911-ஐ அழைப்பதில்லை. வீடு வந்தால் வரி பெருகும் என்று சொல்கிற எந்த ஊர்த் தலைவரும் இந்த 16 சென்ட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை.

லவுடனை முதலில் எடுக்கிறேன், நான் வரி கட்டும் இடம் என்பதால். 1980-ல் இங்கே 57,427 பேர். 1962-லேயே டல்லஸ் விமான நிலையம் வந்திருந்தும் பால் மாடும் பழத்தோட்டமுமாகத்தான் இருந்தது. 2000-ல் 1,69,599. 2010-ல் 3,12,311. பத்தே ஆண்டில் ஒன்றே முக்கால் மடங்குக்கும் மேல். அந்தப் பத்தாண்டின் கடைசியில் இரண்டு சூட்கேஸோடு வந்து இறங்கியவர்களில் நானும் ஒருவன். ஆஷ்பர்ன், பிராம்பிள்டன், சவுத் ரைடிங் பக்கம் பொங்கல் விழாவுக்குப் பள்ளி அரங்கம் கிடைக்காமல் அலையும் அளவுக்கு நம் ஆட்கள் இருக்கிறார்கள். ஆகவே வளர்ச்சியைக் குறை சொல்லும்போது என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்தைப் பாருங்கள். 1976-ல் ஒரு உயர்நிலைப் பள்ளி திறந்தார்கள். வட்டாரத்தின் அடுத்த வழக்கமான உயர்நிலைப் பள்ளி 1997-ல்தான். அதற்குப் பின் 2020-க்குள் பத்துக்கும் மேல். கட்டி முடிப்பதற்குள் நிரம்பி, எல்லை மாற்றி வரைந்து, பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றி, பெற்றோர் கூட்டத்தில் கத்தி, பிறகு அடுத்த கட்டடத்துக்குக் கடன் பத்திரம். இன்று 80,000-க்கு மேல் மாணவர்கள்.

லவுடன் சும்மா இருக்கவில்லை. 1999 தேர்தலில் 'கண்டபடி பரவுவதை நிறுத்து' என்ற அணி கவுண்டி மன்றத்தின் ஒன்பது இடங்களில் எட்டைப் பிடித்தது. அதுவரை மேற்கே மூன்று ஏக்கருக்கு ஒரு வீடு கட்டலாம். அதை 2003-ல் 10, 20, 50 ஏக்கருக்கு ஒன்று என இறுக்கினார்கள். அதே ஆண்டுக் கடைசித் தேர்தலில் எதிரணி வந்துவிட்டது. 2005 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. கொள்கை தவறு என்றல்ல, பொது அறிவிப்பு கொடுத்த முறை சரியில்லை என்று! பழைய மூன்று ஏக்கர் விதி திரும்பி வந்தது. மனை போடுகிறவர்கள் விண்ணப்பத்தோடு முண்டியடித்தார்கள். 2006-ல் சமரசம்: வடபகுதியில், கொத்தாக (வீடுகளை ஒரு பக்கம் நெருக்கி, மீதியைத் திறந்தவெளியாக விட்டு) கட்டினால் 5 ஏக்கருக்கு ஒரு வீடு, தெற்கே 15 ஏக்கருக்கு ஒன்று.

ஐந்து ஏக்கர் என்றால் கேட்க நன்றாக இருக்கும். என் நண்பர் ஒருவர், திண்டுக்கல்காரர், மேற்கு லவுடனில் பர்செல்வில் ஊருக்கு வடக்கே அப்படி ஒரு கொத்துமனையில் வீடு வாங்கினார். "அண்ணே, ஊர்ல தாத்தாவுக்கு இருந்த தோட்டத்த இங்க திரும்ப வாங்கிட்டேன்" என்றார். கழிவுநீர்க் குழாய் கிடையாது, செப்டிக் டேங்க். குடிநீர்க் குழாய் கிடையாது, போர்வெல். மூன்றாவது கோடையில் போரில் வரத்து குறைந்தது. குளிக்கும்போது துணி துவைக்கக் கூடாது என்று வீட்டில் சட்டம். பக்கத்தில் புதிதாக பதினேழு வீடு வருகிறது, பதினேழு போர். "திண்டுக்கல்லயும் இதானே அண்ணே நடந்துச்சு" என்றார்.

அவர் சொல்லித்தான் எனக்கு இன்னொன்று தெரிந்தது. வீட்டுக் காப்பீடு எடுக்கும்போது, தீயணைப்புக் குழாய் எத்தனை அடி தள்ளி இருக்கிறது, தீயணைப்பு நிலையம் எத்தனை மைல் என்று கேட்பார்களாம். மேற்கே பெரும்பாலும் குழாயே கிடையாது. தண்ணீரை லாரியில்தான் கொண்டுபோக வேண்டும். ஒரு லாரித் தண்ணீர் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும் என்பதால் பல நிலையங்களிலிருந்து வரிசையாக வருவார்கள். பக்கத்தில் குளம் இருந்தால் உறிஞ்சுவார்கள். அந்த நிலையங்கள் பண்ணையாட்களே தன்னார்வலர்களாக நடத்தி வந்தவை. பகல் முழுக்க முப்பது மைல் தள்ளி அலுவலகத்தில் இருக்கும் என் நண்பர் மாதிரி ஆட்கள் ஊரை நிரப்பும்போது, பகலில் மணி அடித்தால் வண்டியை எடுக்க யார் இருப்பார்கள்? சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டும். வீடு கூடியதால் வந்த செலவு இது. வீடு சிதறிக் கிடப்பதால் இரட்டிப்பாகிறது.

சாலைக் கதை இன்னும் வேடிக்கை. வர்ஜீனியாவில் 1932 சட்டத்தால் கவுண்டிச் சாலைகள் பெரும்பாலும் மாநிலத்தின் பொறுப்பில். அதாவது வீட்டுக்கு அனுமதி தருவது லீஸ்பர்க், சாலை போட வேண்டியது மாநிலத் தலைநகர் ரிச்மண்ட். கல்யாணத்துக்கு அழைக்கிறவர் ஒருவர், சாப்பாடு போடுகிறவர் வேறொருவர். இடைவெளியை நிரப்ப 1995-ல் தனியார் சுங்கச்சாலை வந்தது. 14 மைலுக்கு இன்று ஒருமுறை போக 5 டாலருக்கு மேல். மெட்ரோ ரயில் ஆஷ்பர்ன் வந்து சேர்ந்தது 2022 நவம்பரில்.

மனை போடுகிறவரிடமே காசு வாங்கலாமே என்றால், வாங்கினார்கள். ஜோனிங்கை மாற்றித் தரும்போது பள்ளிக்கு இடம், சாலைக்குப் பணம் என்று 'ப்ராஃபர்' எழுதி வாங்குவது இங்கே வழக்கம். கிழக்கே பல பள்ளிகளுக்கு நிலம் கிடைத்தது அப்படித்தான். ஆனால் ஏற்கெனவே உள்ள ஜோனிங்படி கட்டினால் எதுவும் கேட்க முடியாது. மேற்கே ஐந்து ஏக்கர் கொத்து வீடுகள் அந்த ரகம். சேவைக்கு அதிகச் செலவு வைக்கும் வீடு, ஒரு காசு தராமல் வந்துவிடுகிறது. 2016-ல் மாநிலச் சட்டமும் ப்ராஃபரை நெரித்துவிட்டது.

அப்படியானால் லவுடன் ஏன் திவாலாகவில்லை? டேட்டா சென்டர். கவுண்டியே சொல்லும் கணக்கில், அவை பெறும் ஒரு டாலர் சேவைக்கு 26 டாலர் வரி தருகின்றன. 2010-ல் நூறு டாலர் சொத்து மதிப்புக்கு 1.30 டாலராக இருந்த வீட்டு வரி 2025-ல் 80.5 சென்ட். (வீட்டின் மதிப்பு ஏறியதால் என் பில் ஒன்றும் குறையவில்லை, அது வேறு விஷயம்.) இது திட்டம் போட்டுச் செய்த வெற்றி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இணையக் கேபிள்கள் ஏற்கெனவே இங்கே சந்தித்துக்கொண்டதால் வந்த யோகம். அந்த யோகத்துக்கு மின்சாரம் வேண்டும். மேரிலாந்தின் பால்டிமோர், கரோல், ஃப்ரெடரிக் கவுண்டிப் பண்ணைகள் வழியாக 67 மைலுக்கு உயரழுத்தக் கம்பி இழுக்கும் திட்டத்தை எதிர்த்து அங்கே விவசாயிகள் பலகை நட்டிருக்கிறார்கள். இது எங்கள் டேட்டா சென்டர்களுக்கான கம்பி என்பதுதான் அவர்கள் புகார். லவுடனும் 2025 மார்ச்சில், விண்ணப்பித்தாலே டேட்டா சென்டர் கட்டலாம் என்றிருந்த விதியை நீக்கிவிட்டது.

மான்ட்கோமரி என்ன செய்தது? 1980-ல், கவுண்டியின் மூன்றில் ஒரு பங்கை, சுமார் 93,000 ஏக்கரை, 'வேளாண் காப்பு' என்று ஒதுக்கியது. ஐந்து ஏக்கருக்கு ஒரு வீடு என்றிருந்ததை ஒரே அடியில் 25 ஏக்கருக்கு ஒன்று ஆக்கியது. கழிவுநீர்க் குழாயை அந்தக் கோட்டைத் தாண்டி நீட்டுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழாய் போன இடத்துக்கு வீடு தானாகப் போகும், அதை நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது.

ஆனால் விவசாயி சும்மா விடுவாரா? அவருடைய ஓய்வூதியமே அந்த நில மதிப்புதான். இங்கேதான் இவர்களின் கெட்டிக்காரத்தனம். பழைய ஐந்து ஏக்கர் கணக்கில் அவருக்கு இருந்த கட்டும் உரிமையைப் பிரித்தெடுத்து, ரயிலும் சாலையும் உள்ள பகுதியில் அதிக வீடு கட்ட நினைக்கும் பில்டருக்கு விற்கலாம் என்றார்கள். நிலம் விவசாயியிடமே இருக்கும், உரிமை மட்டும் நகரும். இப்படி 50,000 ஏக்கருக்கு மேல் நிரந்தரமாகக் கட்டுப்பட்டிருக்கிறது. கவுண்டி கஜானாவிலிருந்து வாங்கியிருந்தால் கட்டுப்படியாகியிருக்காது.

மான்ட்கோமரியையும் நீதிமன்றம் விடவில்லை. உரிமை போய்ச் சேரும் பகுதிகளை நிர்ணயித்த முறை தவறு என்று 1987-ல் தீர்ப்பு வந்தது. அவர்கள் நடைமுறையைத் திருத்திக்கொண்டு திட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள். லவுடன் தீர்ப்பைச் சாக்காக வைத்துத் திட்டத்தைப் பாதியாக்கியது. இரண்டுக்கும் வித்தியாசம் சட்டத்தில் இல்லை, தேர்தல் வந்தும் ஆடாமல் நின்றதில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இதற்கும் விலை உண்டு. கவுண்டியின் தென்பகுதிப் பள்ளிகளில் தற்காலிகமாக வைத்த டிரெய்லர் வகுப்பறைகள் நிரந்தரமாகிவிட்டன. பள்ளி நிரம்பினால் அந்தப் பகுதியில் புது வீட்டுக்குத் தடை என்ற விதி வைத்திருந்தார்கள். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் ரயில் நிலையத்தை ஒட்டிக் கட்ட வேண்டிய வீடுகளே அதில் மாட்டின. 2020-ல் அதை எடுத்துவிட்டு, நெரிசல் பகுதியில் கட்டினால் கூடுதல் கட்டணம் என்று மாற்றினார்கள். மான்ட்கோமரியில் வாங்க முடியாதவர்கள் வயலைத் தாண்டிக் குதித்து ஃப்ரெடரிக் கவுண்டிக்குப் போனார்கள். 1980-ல் 1,14,792 பேர் இருந்த இடத்தில் 2020-ல் 2,71,717. அவர்கள் தினமும் 270-ஆம் எண் நெடுஞ்சாலையில் அதே வயல்களைப் பார்த்துக்கொண்டு வேலைக்கு வருகிறார்கள். அப்புறம் பாலம். லவுடன் பக்கம் ஆற்றுக்கு இன்னொரு பாலம் கேட்டு எத்தனையோ வருஷமாகிறது. பாலம் வந்தால் நெடுஞ்சாலை வேளாண் காப்பைப் பிளந்துகொண்டு போகும் என்பதால் மான்ட்கோமரி அசையவில்லை. எங்கள் வீடுகளுக்கு அவர்கள் ஏன் வழி விட வேண்டும் என்று அவர்கள் கேட்டால், என்னிடம் பதில் இல்லை.

மூன்றாவது, லவுடனுக்கு மேற்கே புளூ ரிட்ஜ் மலையைத் தாண்டினால் வரும் கிளார்க் கவுண்டி. 1980-ல் 9,965 பேர், 2020-ல் 14,783. ஒரே ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி. அதே வர்ஜீனியா, அதே மாநிலச் சட்டம். அதனால் 'எங்கள் கையைச் சட்டம் கட்டிவிட்டது' என்று லவுடன் சொல்வதை அரைமனதோடுதான் கேட்க முடிகிறது.

அவர்கள் வழி எளிமையானது. 1980-ல் ஒவ்வொரு நிலத்துக்கும் இத்தனை வீட்டுரிமை என்று எண்ணிக் கொடுத்துவிட்டார்கள். நிலம் பெரிதாக ஆக, உரிமை அதே வேகத்தில் கூடாது. 15 ஏக்கருக்குள் ஒன்று, 40-க்குள் இரண்டு, 80-க்குள் மூன்று, 100 ஏக்கர் வைத்திருந்தாலும் நான்குதான். அதோடு, மற்ற ஊர்களில் மனைக்குக் குறைந்தபட்ச அளவு வைப்பார்கள். இங்கே உச்ச அளவு. வீட்டைச் சின்ன மூலையில் ஒதுக்கு, மீதி நிலம் உழுவதற்கு ஆகும் அளவில் முழுதாக நிற்கட்டும் என்பது யோசனை. அடியில் சுண்ணாம்புப் பாறை என்பதால் ஒருவர் செப்டிக் டேங்க் கசிந்தால் பக்கத்து ஊற்று வரை போகும். ஆகவே கையை இறுக்குவதற்கு நியாயமும் இருந்தது. குறை என்ன? மலிவான வீடு கிடைக்காது. அங்கே பாடம் நடத்துகிற இளம் வாத்தியார் அடுத்த கவுண்டியில் வாடகைக்கு இருக்க வேண்டியிருக்கும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், இன்னும் வீடு வராத ஊருக்கு கிளார்க்கின் கணக்குதான். செலவில்லை, வழக்கும் குறைவு, ஆனால் முதல் பெரிய மனைப்பிரிவு வருவதற்கு முன் செய்ய வேண்டும். பக்கத்தில் பெரிய நகரமும் ரயிலும் இருந்து, வருகிற ஜனத்தை அங்கே குடிவைக்க மனசும் இருந்தால் மான்ட்கோமரி. உரிமையை விற்க இடம் இல்லாமல் அந்தத் திட்டத்தைக் காப்பியடித்த கவுண்டி விவசாயியை ஏமாற்றுகிறது என்றே சொல்வேன். லவுடன் வழியை எவருக்கும் சொல்ல மாட்டேன். டேட்டா சென்டர் எல்லா ஊருக்கும் வராது, பதினேழு போர் எல்லா ஊருக்கும் வரும்.

போன வாரம் திண்டுக்கல் நண்பர் வாட்ஸாப்பில் ஒரு விற்பனை விளம்பரம் அனுப்பினார். கிளார்க் கவுண்டி, 62 ஏக்கர், ஓடை, பழைய களஞ்சியம். கீழே சின்ன எழுத்தில் '3 டி.யு.ஆர்.' என்றிருந்தது. "அண்ணே, டி.யு.ஆர்.னா என்னண்ணே?" என்று கேட்டிருந்தார். கட்டும் உரிமை, மூன்று வீடு, அதற்கு மேல் உன் பேரனும் கட்ட முடியாது என்று பதில் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து வந்தது: "அப்ப பக்கத்து நிலத்துக்கு எத்தனைன்னு பாத்துச் சொல்லுங்க."