சிம்லிங்கும் டேப் விசையும்: பாஷ் எனக்கு எப்படி?

பல வருடமாக என் ஷெல் (கட்டளைகளை அடித்துக் கணினியை இயக்க உதவும் நிரல்) பாஷ்தான், டேப் தட்டாமல் ஒரு கோப்பின் பாதையைக்கூட முழுதாக அடித்ததில்லை. ஆனால் சிம்லிங்க் (வேறொரு கோப்பையோ கோப்புறையையோ சுட்டும் குறுக்குவழி) என்று வந்துவிட்டால் பாஷுக்கு முழு மதிப்பெண் கொடுக்க மனசு வரவில்லை.

சாதாரண டைரக்டரி (கோப்புறை) என்றால் பாதிப் பெயரிலேயே டேப் தட்டலாம், முழுப்பெயரும் கடைசியில் ஒரு சாய்கோடும் வந்துவிடும். டைரக்டரியைச் சுட்டும் சிம்லிங்க் என்றால் பெயர் மட்டும்தான், சாய்கோட்டுக்கு இன்னொரு டேப். வேண்டுமென்றே இப்படி வைத்திருக்கிறார்கள், காரணமும் நியாயமானது: நகலெடுக்கும் கட்டளையான ஆர்சிங்க்கை மைனஸ் ஏ என்று போட்டு வெறும் பெயரைக் கொடுத்தால் லிங்க் மட்டும் நகலாகும், சாய்கோடு ஒட்டிக்கொண்டால் உள்ளே இருப்பது அத்தனையும் நகலாகும். இந்தக் கூடுதல் டேப் வேண்டாம் என்பவர்கள் இன்புட்ஆர்சி என்ற அமைப்புக் கோப்பில் 'செட் மார்க்-சிம்லிங்க்டு-டைரக்டரீஸ் ஆன்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

இதில் இசட்ஷெல் (பாஷ் போல இன்னொரு ஷெல்) செய்திருப்பது அருமை. சாய்கோடு முதல் டேப்பிலேயே வந்துவிடும், அடுத்து ஸ்பேஸ் தட்டினால் அதுவே எடுத்தும்விடும். கூடுதல் டேப்பும் இல்லை, ஆர்சிங்க் பயமும் இல்லை.

சரி, சாய்கோட்டைக்கூட விட்டுவிடலாம், எனக்கு உண்மையிலேயே உறுத்துவது இரண்டு புள்ளி (ஒரு படி மேலே உள்ள டைரக்டரியைக் குறிப்பது) விவகாரம். வீட்டு டைரக்டரியில் 'பதிவு' என்று ஒரு சிம்லிங்க், அது சுட்டுவது வேறொரு வட்டில் நாலு அடுக்கு உள்ளே இருக்கும் டைரக்டரியை. சிடி பதிவு என்று உள்ளே போய், எல்எஸ் (பட்டியல் காட்டும் கட்டளை) ../ வரை அடித்து டேப் தட்டினால் வீட்டு டைரக்டரியில் இருப்பதைத்தான் காட்டும். அதில் ஒன்றைத் தேர்ந்து எண்டர் தட்டினால் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று வரும்! பாஷ் நாம் வந்த வழியை நினைவில் வைத்துக்கொண்டு பட்டியல் போடுகிறது, எல்எஸ் கர்னலிடம் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கேட்கிறது, கர்னலுக்குத் தெரிந்தது அந்த இன்னொரு வட்டில் இருக்கும் தாய் டைரக்டரி மட்டும். பிழைச்செய்தி வந்தால்கூடப் பரவாயில்லை, இரண்டு இடத்திலும் ஒரே பெயரில் கோப்பு இருந்து, எல்எஸ்ஸுக்குப் பதில் அழிக்கும் கட்டளையான ஆர்எம் அடித்திருந்தால்?

முதலிலேயே 'செட் மைனஸ் பி' (பெரிய பி) போட்டுவிட்டால் பாஷும் நிஜப் பாதையையே எடுத்துக்கொள்ளும், இந்த முரண்பாடு வராது, ஆனால் அப்புறம் ப்ராம்ப்டில் (கட்டளை அடிக்கும் வரியின் தொடக்கத்தில்) அந்த நீளமான நிஜப் பாதைதான் நிற்கும். அது எனக்குப் பிடிக்கவில்லை, அதனால் சிம்லிங்க் வழியாக உள்ளே போனால் இரண்டு புள்ளியை சிடிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற கட்டளைகளுக்கு முழுப்பாதையையே கொடுக்கிறேன்.