புது வடிவ பீஸ் என்று சொல்லி 8,400 வாங்கிவிட்டார்கள்: லெகோ பிரிக் கட்டுபவர்கள் கவனத்துக்கு

கோபம் தணிந்த பிறகு எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இன்று காலை அதே விற்பனையாளர், அதே படங்களை வைத்து, தலைப்பை மட்டும் மாற்றி மறுபடியும் விற்பனைக்குப் போட்டிருக்கிறார். இனி எதற்குக் காத்திருக்க வேண்டும்? அடுத்த ஆள் பணம் கட்டுவதற்குள் இது அவர் கண்ணில் பட்டால் போதும்.

எனக்குப் போனது 8,400. பொம்மைக்கா இவ்வளவு என்று கேட்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். லெகோ பிரிக்கில், அதாவது ஒன்றோடொன்று பொருத்தும் பிளாஸ்டிக் கட்டைகளில், சொந்தமாக வடிவமைத்துக் கட்டுபவர்களுக்கு, அதிலும் புதிதாக வரும் வடிவங்களைத் தேடித் தேடி உதிரியாக வாங்குபவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கடைசியில் எப்படித் தப்பிப்பது என்றும் சொல்கிறேன்.

வாங்கியது, தனிநபர்கள் தங்களிடம் இருப்பதை விற்கும் ஒரு செயலியில். பெயர் எழுதவில்லை. எழுதினால் பதிவையே தூக்கிவிடுவார்கள், அப்புறம் எச்சரிக்கை யாருக்கும் போய்ச் சேராது. விற்பனையாளர் 'செட்டுகளைப் பிரித்து உதிரியாகக் கொடுப்பவர்' என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர். பெயருக்குக் கீழே நல்ல மதிப்பீடுகள் வரிசையாக இருந்தன.

புது பீஸ் மேல் நமக்கு ஏன் இவ்வளவு ஆசை என்பது கட்டுபவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வடிவத்துக்கும் தனியாக எஃகு அச்சு செய்ய வேண்டும். அதற்கு ஆகும் செலவு பெரியது என்பதால், ஒரு செட்டை வடிவமைப்பவர் நினைத்தபோதெல்லாம் புது வடிவம் கேட்க முடியாது. இருக்கிற பீஸையே நிறம் மாற்றி வேறு வேலைக்கு வைப்பார்கள். 2021-இல் வந்த போன்சாய் மரத்தில் பூக்களுக்குப் பதில் இளஞ்சிவப்புத் தவளைகளை வைத்தது அப்படித்தான். ஆகவே உண்மையிலேயே புது வடிவம் ஒன்று வந்தால், வந்த புதிதில் அது சில செட்டுகளில், சில நிறங்களில்தான் கிடைக்கும். அந்தப் பத்துப் பதினைந்து பீஸுக்காக முழு செட்டையும் வாங்க நம்மால் முடியாது. யாராவது பிரித்து விற்கிறார் என்றால் ஓடுகிறோம். இந்த அவசரத்தை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

நானும் என் மகளும் ஒரு மணிக்கூண்டு கட்டிக்கொண்டிருக்கிறோம். எங்கள் சொந்த வடிவமைப்பு. அதன் நான்கு சுவர்களும், பிரிக்கின் தலையில் இருக்கும் குமிழ் மேலே பார்க்காமல் பக்கத்தைப் பார்க்கும்படி, பக்கவாட்டில் திருப்பிக் கட்டுபவை. ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவுக்கு 8 மி.மீ., பிளேட் எனப்படும் மெல்லிய பீஸின் உயரம் 3.2 மி.மீ. ஐந்து பிளேட்டை அடுக்கினால் 16 மி.மீ., சரியாக இரண்டு குமிழ் அகலம். பக்கவாட்டுக் கட்டுமானம் முழுவதும் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. திருப்பிக் கட்டுவதற்கு எல் வடிவ பிராக்கெட்டுகள் வேண்டும், பக்கத்தில் குமிழ் உள்ள சின்ன பிரிக்குகள் வேண்டும். மூலைகளுக்குக் குமிழ் இல்லாத கால்வட்ட டைல்கள். இவற்றில் அண்மையில் வந்த வடிவங்கள் பல, எங்களுக்கு வேண்டிய அடர்சாம்பல் நிறத்தில், ஒரே மூட்டையாக இவரிடம் இருப்பதாக விளம்பரம் சொன்னது. விலை 8,400.

நான் உடனே பணம் கட்டிவிடவில்லை. முதலில் சோதித்தேன். "பிராக்கெட் எந்தத் திசை? 99780 மாதிரியா, 99781 மாதிரியா?" என்று கேட்டேன். இவை அந்தந்த வடிவத்தின் அச்சு எண்கள். அச்சு எண்ணைச் சொல்லிக் கேட்டால் சும்மா விற்பவர்கள் திணறுவார்கள். இவர் திணறவில்லை. "முதல்ல சொன்னது மேல் நோக்கிப் போகும் சார், ரெண்டாவது கீழ் நோக்கி. எங்ககிட்ட ரெண்டு திசையும் இருக்கு, எது எத்தனை வேணும்னு சொல்லுங்க" என்று உடனே பதில் வந்தது. பிராக்கெட் சுவரின் தடிமன் அரை பிளேட், அதாவது 1.6 மி.மீ. என்பதை அவரே சொன்னார். நான் கேட்கக்கூட இல்லை.

அப்புறம் படங்கள் அனுப்பினார். சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த படம், ஒவ்வொரு குமிழின் தலையிலும் லெகோ என்ற எழுத்து தெளிவாகப் புடைத்துத் தெரிந்தது. திருப்பிப் போட்டு, உள்ளே பொறித்திருக்கும் அச்சு எண்ணையும் படம் எடுத்திருந்தார். ஒரு கட்டுபவர் கேட்கக்கூடிய எல்லாவற்றையும் கேட்பதற்கு முன்பே கொடுத்தார். கடைசியாக ஒரு குரல் செய்தி: "நானும் கட்டுறவன்தான் சார். போலியை நம்ம பெட்டியில கலக்குற பாவத்தைச் செய்வேனா?"

அந்தக் குரலைக் கேட்டுத்தான் 8,400-ஐ அனுப்பினேன். இப்போதும் அந்தச் செய்தி என் கைபேசியில் இருக்கிறது. கேட்டால் வயிறு எரிகிறது.

பொட்டலம் வந்தது. மேலே இருந்த பைகளில் பழைய, எங்கும் கிடைக்கிற 2×4 பிரிக்குகளும் பிளேட்டுகளும். எல்லாம் அசல். "இலவசமாகச் சேர்த்திருக்கிறேன்" என்று துண்டுச் சீட்டு வேறு. அடியில் இருந்த பையில்தான் நாங்கள் காசு கொடுத்த பீஸ்கள். நிறத்தைப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. கட்ட உட்கார்ந்தோம். என் மகள் ஒரு பிராக்கெட்டை எடுத்து, எப்போதும் செய்வதுபோல் குமிழ் மேல் விரலால் தடவிப் பார்த்தாள். "அப்பா, இதுல எழுத்தே இல்ல."

ஒன்றிலும் இல்லை. பையைக் கவிழ்த்து, விளக்கடியில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். குமிழ்கள் மழமழவென்று வழுக்கை. உள்ளே எண் கிடையாது. டைல்களில் குமிழ் இல்லாததால் எழுத்து அடிப்பக்கம் இருக்க வேண்டும், அங்கும் இல்லை. வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன். பிராக்கெட் சுவர் 1.6 வர வேண்டிய இடத்தில் ஒன்று 1.7, ஒன்று 1.8 என்று ஆளுக்கொரு அளவு. இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். ஒரு வரிசையில் தெரியாது. கோபுரம் மேலே போகப் போக அந்த ஒன்றும் இரண்டும் கூடிக்கொண்டே போய், ஐந்து பிளேட்டுக்கு இரண்டு குமிழ் என்ற கணக்கே உடைந்துவிடும். பாதி உயரத்தில் சுவர் வெளியே தள்ளி, மூலையில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. சில பிராக்கெட்டுகளின் மடிப்பில் வெள்ளைக் கோடு ஓடி, கழற்றும்போதே முறிந்தன. சில பீஸ்கள் அளவுக்கு மீறி இறுகி, எங்களுடைய அசல் பிளேட் இரண்டைக் கீறல் விடவைத்தன. அந்த நட்டம் 8,400-இல் சேராதது.

இங்கேதான் ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய 2×4 பிரிக்கைப் போலியாக விற்றால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள், வீட்டில் ஒப்பிட்டுப் பார்க்க நூறு இருக்கும். புது வடிவத்துக்கு நம்மிடம் ஒன்றுகூட இருக்காது. கையில் எடுத்தால் எப்படி இருக்கும், எவ்வளவு இறுகும், எழுத்து எங்கே இருக்கும் என்று எதுவும் தெரியாது. அந்தத் தெரியாமையைத்தான் அவர் விற்றார். பிறகு கேள்வி கேட்டபோது சொன்ன சமாதானங்களும் அதையே நம்பித்தான் வந்தன.

முதலில் "படம் அனுப்புங்க சார், பார்க்கிறேன்". அனுப்பினேன். இரண்டு நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. மறுபடி கேட்டால், "புது மோல்டுல எழுத்து வராது சார், இடம் பத்தாது" என்றார். குமிழின் விட்டம் 4.8 மி.மீ. அது பழையதிலும் அதே, புதியதிலும் அதே. மாற்றவே முடியாது, மாற்றினால் பழைய பிரிக்கோடு சேராது. அப்படியிருக்க எழுத்துக்கு மட்டும் எப்படி இடம் குறைந்தது? அதைக் கேட்டேன். "இது வேற ஃபாக்டரி, முதல் பேட்ச்" என்றார். டென்மார்க்கில் செய்தாலும் ஹங்கேரியில் செய்தாலும் மெக்சிகோவிலோ சீனாவிலோ செய்தாலும் குமிழில் எழுத்து உண்டு. அச்சு எண் இல்லையே என்றேன். "செட் புத்தகத்துப் பின்பக்கம் பாருங்க, நம்பர் மாறியிருக்கும்" என்று குழப்பினார். புத்தகத்தில் இருப்பது வடிவமும் நிறமும் சேர்ந்த எண், பீஸின் உள்ளே இருப்பது வடிவத்தின் எண். இரண்டும் வேறு வேறு என்பது 99780-ஐப் பற்றி அவ்வளவு தெளிவாகப் பேசிய மனிதருக்குத் தெரியாதா?

அப்புறம் குரல் மென்மையானது. மாற்றி அனுப்புகிறேன், கொஞ்சம் பொறுங்கள், கூரியர் எண் நாளைக்கு வரும், புகார் மட்டும் போடாதீர்கள், என் மதிப்பீடு கெட்டுவிடும், குடும்பஸ்தன் சார் என்றார். நாளை நாளை என்று தள்ளிக்கொண்டே போனார். எதற்காக என்று இப்போது புரிகிறது. அந்தச் செயலியில் பொருள் கைக்கு வந்தபின் குறிப்பிட்ட நாட்களுக்குள் புகார் கொடுக்காவிட்டால் பணம் விற்பவர் கணக்குக்குப் போய்விடும். அந்தக் கெடு தாண்டும்வரை என்னைப் பேச்சிலேயே வைத்திருந்தார். கெடு முடிந்த மறுநாள் வந்த பதிலில் 'சார்' இல்லை: "பேட்டன்ட் எல்லாம் எப்பவோ முடிஞ்சுபோச்சு. யார் வேணா செய்யலாம், யார் வேணா விக்கலாம். முடிஞ்சதைப் பாருங்க."

காப்புரிமை முடிந்தது உண்மைதான். 1958-இல் பதிவான அடிப்படை பிரிக்கின் காப்புரிமை காலாவதியாகிப் பல காலம் ஆகிவிட்டது. பிரிக்கின் வடிவத்தையே வணிகச் சின்னமாக வைத்துக்கொள்ள முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2010-இல் சொல்லிவிட்டது. தங்கள் சொந்தப் பெயரைப் போட்டு பிரிக் விற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எழுத்துப் பொறித்த அசல் பீஸைப் படம் காட்டி, அசல் விலை வாங்கி, வழுக்கைக் குமிழை அனுப்புவது மோசடி. செட்டுகளை அப்படியே நகலெடுத்து 'லெபின்' என்ற பெயரில் விற்ற கும்பலின் தலைவருக்கு ஷாங்காய் நீதிமன்றம் 2020-இல் ஆறு ஆண்டு சிறை கொடுத்தது. இதை அவருக்கு எழுதி அனுப்பினேன். என்னைத் தடை செய்துவிட்டார்.

செயலியின் உதவிப் பிரிவு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதலில் இயந்திரம் பேசியது. பிறகு மனிதர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர், "விற்பனையாளரைத் தொடர்புகொண்டு சுமுகமாகத் தீர்த்துக்கொள்ளவும்" என்றார். அவர் என்னைத் தடை செய்துவிட்டார் என்றேன். "தங்கள் பொறுமைக்கு நன்றி" என்று உரையாடலை மூடிவிட்டார்கள். அளவெடுத்த படங்கள், குரல் செய்தி, எல்லாம் அனுப்பியிருந்தேன். யாரும் திறந்துகூடப் பார்த்ததாகத் தெரியவில்லை. 8,400 அவர் கணக்கில், முறிந்த பிளாஸ்டிக் என் மேசையில். அது என்ன பிளாஸ்டிக் என்றும் தெரியவில்லை. அசலில் 1963 முதல் பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக்கைத்தான் பயன்படுத்துகிறார்கள். இதில் பையைத் திறந்ததும் பெயின்ட் நாற்றம் அடித்தது. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடாக இருந்தால் என்ன ஆகியிருக்கும்?

தப்பிக்கும் வழி சொல்கிறேன் என்றேன். இப்போது நிதானமாக எழுதும் நிலையில் இல்லை, தோன்றுவதைச் சொல்கிறேன். புது வடிவம் ஒன்று பத்துப் பன்னிரண்டு நிறத்தில் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். எந்த பீஸ் எந்த நிறத்தில், எந்த செட்டில் வந்திருக்கிறது என்று ரீப்ரிக்கபிள் என்ற இணையதளத்தின் பட்டியலில் பார்க்கலாம், அதில் இல்லாத நிறத்தை அவர் எங்கிருந்து பிரித்தார் என்று கேளுங்கள். படம் கேட்டால் போதாது. அன்றைய தேதியும் உங்கள் பெயரும் எழுதிய காகிதத்தின் மேல் அந்த மூட்டையையே கொட்டி, கையால் கிளறிக் காட்டும் காணொளி கேளுங்கள். பையைப் பிரிக்கும்போது நீங்களும் காணொளி எடுங்கள். விரலால் தடவிப் பார்க்காமல் உங்கள் பெட்டியில் கலக்காதீர்கள், கலந்துவிட்டால் பிரித்தெடுக்க மாளாது. மாற்றித் தருகிறேன் என்று எவ்வளவு கெஞ்சினாலும் முதலில் புகாரைப் பதிவு செய்துவிடுங்கள். கொஞ்சம் காத்திருக்க முடிந்தால், புது பீஸ்கள் நாளடைவில் நிறுவனத்தின் சொந்த உதிரி விற்பனையிலேயே வரக்கூடும், பாருங்கள்.

இன்று மறுபடி போட்டிருக்கும் விளம்பரத்தின் முதல் படத்தில் நீலத் துணி மேல் பரப்பிய அடர்சாம்பல் பீஸ்கள், ஓரத்தில் ஒரு மர அளவுகோல். விலையையும் அதே 8,400 என்றே வைத்திருக்கிறார். கண்ணில் பட்டால் தொடாதீர்கள். ஏற்கெனவே இவரிடம் வாங்கி ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், தனித்தனியாகப் போனால் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள், சேர்ந்து புகார் கொடுப்போம்.