ஹான்ஸ் வேர் அரபு–ஆங்கில அகராதி: பி.ஏ. அரபி சேர்கிறவர்களுக்கு

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே இதை வாங்கச் சொன்னார்கள். மூன்று வருடம் முடிந்து பார்த்தால் எந்தப் பாடநூலையும் விட இதைத்தான் அதிகம் புரட்டியிருக்கிறேன். என்னிடம் இருப்பது 1979-இல் வந்த நான்காம் பதிப்பின் மறு அச்சு, 1,300 பக்கத்துக்குக் கிட்ட வரும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இதில் சொற்கள் வேர் வரிசையில், அதாவது சொல்லின் அடிப்படை மெய்யெழுத்துகளின் வரிசையில் இருக்கின்றன. கிதாப், காதிப், மக்தப், மக்தபா எல்லாம் க-த-ப என்ற ஒரே வேரின் கீழ் வரும். (தொகுத்த ஜெர்மன் அறிஞரின் பெயரும் நம் காதில் வேர் என்றே விழுகிறது, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.) முதல் செமஸ்டரில் செய்தித்தாள் பாடத்தில் 'இத்திஸால்' என்று ஒரு சொல், தொடர்பு என்று அர்த்தம். அலிஃபில் தேடினேன், தாவில் தேடினேன், அரை மணி நேரம் போயிற்று, கிடைக்கவில்லை. பேராசிரியர் வந்து புத்தகத்தின் கடைசிப் பகுதிக்குப் போய் வாவ் எழுத்தில் வ-ஸ-ல என்ற வேரைக் காட்டினார். ஒரு வேரிலிருந்து வினை பிறக்கும் பத்து வடிவங்களில் எட்டாவதில் அந்த வாவ் தாவாகிவிடும், அதுதான் விஷயம். அதே வேரின் கீழ் 'வுஸூல்' என்று ஒன்று இருந்தது, வந்து சேர்தல், பெற்றுக்கொள்ளுதல். நம்ம வசூல்! அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. வக்கீல், ஜாமீன், ஆஜர், ரத்து, பாக்கி, தாக்கீது என்று தாலுகா ஆபீஸில் கேட்டு வளர்ந்த சொற்களை எல்லாம் அதனதன் வேரில் தேடிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வினைக்கு நிகழ்காலத்தில் என்ன உயிர்க்குறி, மஸ்தர் (தொழிற்பெயர்) எது, பெயருக்குப் பன்மை எது, எல்லாம் அங்கேயே இருக்கும். மதரஸாவில் ஓதிவிட்டு வருகிறவர்களுக்கு மட்டும் ஒரு சின்னத் தடுமாற்றம் வரும், 'இஃப்திஆல்' என்று நாம் சொல்லும் பாபுக்கு (வினை வடிவத்துக்கு) இதில் ரோமன் எண்ணில் எட்டு என்றுதான் போட்டிருக்கும். முன்னட்டையின் உள்பக்கம் பத்து வடிவங்களையும் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள், ஒரு மாதத்தில் பழகிவிடும்.

இந்த அகராதிக்குச் சொல் சேகரித்துக் கொடுத்தவர்களில் ஹெட்விக் க்ளைன் என்ற யூதப் பெண் அறிஞர் ஒருவர். 1939 ஆகஸ்டில் ஹாம்பர்க்கிலிருந்து பம்பாய்க்குக் கப்பலேறினார், போர் நெருங்கியதால் கப்பலை வழியிலேயே திருப்பிவிட்டார்கள். 1942 ஜூலையில் அவரை நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பினார்கள். 1952-இல் இந்த அகராதியின் மூல நூல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தபோது முன்னுரையில் அவருக்கு நன்றி இருந்தது, அவருக்கு என்ன ஆனது என்று ஒரு வரி கூட இல்லை. இதைப் படித்த பிறகு இந்தப் புத்தகத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அவர் நினைவு வருகிறது.

குறை என்றால், இது தற்கால எழுத்து அரபுக்கான அகராதி. ஜாஹிலிய்யா, அதாவது இஸ்லாத்துக்கு முந்திய காலத்துக் கவிதைப் பாடம் வந்தால் பாதிச் சொல்லுக்கு இது போதாது, நூலகத்தில் பழைய அரபுக்கான லேன் அகராதியின் எட்டுத் தொகுதிகள் இருந்தால் அங்கே போய் உட்காருங்கள். எழுத்தும் ரொம்பப் பொடி. அப்புறம், நான் பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிரதி இரண்டாம் வருடமே முதுகு பிளந்து, நூன் எழுத்துப் பக்கங்கள் தனியாக வந்துவிட்டன. வாங்கிய கையோடு பைண்டிங்குக்குக் கொடுத்துவிடுங்கள்.