ஆண்ட்ராய்டு டேப்களின் தோற்றம்: ஸ்டைலா, கஸ்டம் வியூவா, கம்போஸா?

ஆண்ட்ராய்டு செயலியில் டேப்களின் (பக்கங்களுக்கிடையே மாற உதவும் தலைப்புப் பட்டன்களின்) தோற்றத்தை மாற்ற நினைப்பவருக்கு முன்னால் மூன்று வழிகள் உள்ளன: டேப்களை அடுக்கும் கூறான டேப்லேஅவுட்டின் பண்புகளை ஸ்டைல் கோப்பில் அமைப்பது, ஒவ்வொரு டேபுக்கும் நாமே வடிவமைத்த கஸ்டம் வியூ பொருத்துவது, கோட்லின் மொழியிலேயே திரையை அமைக்கும் கருவியான ஜெட்பேக் கம்போஸின் டேப்ரோவைக் கொண்டு எழுதுவது. முதல் வழி எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்காமலேயே பலர் இரண்டாவதற்குத் தாவிவிடுகிறார்கள் என்பது என் கணிப்பு.

ஸ்டைல் கோப்பின் வேலை, தேர்ந்தெடுத்த டேபைக் காட்டும் அடிக்கோட்டின் (இண்டிகேட்டரின்) நிறத்தோடும் உயரத்தோடும் முடிந்துவிடுவதில்லை. முனைகள் வளைந்த ஒரு டிராயபிளை (வரைபடக் கோப்பை) இண்டிகேட்டராகக் கொடுத்து, அதன் கிராவிட்டியை (இருப்பிடப் பண்பை) ஸ்ட்ரெட்ச் என்று வைத்தால், அடிக்கோடு டேபின் முழு உயரத்துக்கும் விரிந்து, எழுத்துக்குப் பின்னால் மாத்திரை வடிவப் பின்னணியாகிவிடும். இதற்குக் கோட்லினில் ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. ஆனால் டிராயபிளில் எந்த நிறம் தீட்டியிருந்தாலும் செயலியின் பொதுத் தோற்ற அமைப்பான தீமிலிருந்து வரும் இண்டிகேட்டர் நிறம் அதை மூடிவிடும் என்பதால், நிறத்தை அந்தப் பண்பிலேயே தர வேண்டும். இண்டிகேட்டர் நகரும் விதத்தை லீனியர், எலாஸ்டிக், ஃபேட் ஆகியவற்றுள் ஒன்றாக அமைக்கலாம். தேர்ந்தெடுத்த டேபின் எழுத்தை மட்டும் தடிமனாக்கவும் புதிய பதிப்புகளில் தனிப் பண்பு இருக்கிறது. (எண்ணிக்கை காட்டும் பேட்ஜுக்காகக் கஸ்டம் வியூ எழுதுவது வீண் உழைப்பு, டேப்லேஅவுட்டே அதைத் தருகிறது.)

இரண்டு வரித் தலைப்பு, வட்டப் புகைப்படம் போன்றவை வேண்டுமானால் கஸ்டம் வியூதான் வழி. அதில் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்வியூவுக்கு ஆண்ட்ராய்டின் சொந்த டெக்ஸ்ட்1 ஐடியைக் கொடுத்தால் தலைப்பு தானாக நிரம்பும்; ஆனால் டேப்லேஅவுட்டில் குறித்த எழுத்து நிறம் அதற்கு வராது என்பதால், தேர்வு நிலைக்கேற்ப நிறம் மாற்றும் செலக்டரை நாமே எழுத வேண்டும். பக்கங்களைத் தள்ளிப் பார்க்க உதவும் வியூபேஜர்2 உடன் பயன்படுத்தும்போது, தரவு மாறினால் டேப்கள் அனைத்தும் நீக்கப்பட்டு மீண்டும் உருவாக்கப்படுகின்றன. ஆகவே இரண்டையும் இணைக்கும் மீடியேட்டரின் கால்பேக்குக்குள் (ஒவ்வொரு டேபும் உருவாகும்போது ஓடும் நிரலுக்குள்) வைக்காத கஸ்டம் வியூ அப்போது காணாமல் போய்விடும்.

கம்போஸில் இண்டிகேட்டரும் பிரிகோடும் நாமே நிரப்பும் இடங்களாக இருப்பதால், வரைவதற்கு ஏறக்குறைய தடையே இல்லை. அந்தச் சுதந்திரத்தில் டேப் என்ற கூறையே விட்டுவிட்டு, வரிசையாக அடுக்கும் ரோவும் தட்டலை ஏற்கும் கிளிக்கபிளும் கொண்டு பட்டையை அமைப்பவர்கள், எந்த டேப் தேர்வாகியுள்ளது என்று திரைவாசிப்பானான டாக்பேக் சொல்வதை இழக்கிறார்கள். தேர்வு நிலையைக் குறிக்கும் செலக்டபிள் மாடிஃபையரோடு டேப் என்ற ரோலையும் குறித்தால் அது திரும்பக் கிடைக்கும். திரை ஏற்கெனவே கம்போஸில் இருந்தால் வேறு வழியைத் தேட வேண்டாம், ஆனால் டேப்களின் அழகுக்காக மட்டும் பழைய திரையொன்றைக் கம்போஸுக்கு மாற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.