யெல்லோமேனோட 1983 எல்பி: போன் ஸ்பீக்கர்ல கேட்டுட்டு முடிவு பண்ணிடாதீங்க

மூணு வாரமா வீட்ல ஜமைக்கா ரெக்கே பாடகர் யெல்லோமேனோட இந்த ஒரே ரெக்கார்டுதான் ஓடிட்டிருக்கு. ஆல்பம் பேரு ஜங்குஜங்குகுஜங்குஜெங், முதல்ல வாய்ல நுழையாது, ரெண்டு தடவ கேட்டுட்டா அப்புறம் வாயவிட்டுப் போகாது. க்ரீன்ஸ்லீவ்ஸ் கம்பெனி வெளியிட்டது, தயாரிப்பு ஜுன்ஜோ லாஸ், வாசிச்சது ரூட்ஸ் ராடிக்ஸ் பேண்டு.

இவர் எங்கேருந்து வந்தார்னு தெரிஞ்சா இத கேக்குற விதமே மாறிடும். சொந்தப் பேரு வின்ஸ்டன் ஃபாஸ்டர், பெத்தவங்க இல்லாம கிங்ஸ்டன்ல விடுதிகள்ல வளந்தவர், ஆல்ஃபா பாய்ஸ் ஸ்கூல்லயும் இருந்திருக்கார், ஸ்கடலைட்ஸ்ங்குற பழைய ஜமைக்கா பேண்டுல வாசிச்ச பல பேரு உருவான இடம் அது. பிறவியிலேயே அல்பினிசம், அதாவது தோல்லயும் முடியிலயும் நிறமி இல்லாம வெளுத்திருக்குறது. ஜமைக்கால அப்படிப் பொறந்தவங்கள "டண்டஸ்"னு கூப்ட்டு கேவலமா நடத்துன காலம். அந்த மனுஷன் 1979ல டேஸ்டி டேலன்ட் கான்டெஸ்ட் மேடையில ஏறி நாலு பேர் கண்ணுல பட்டு, அப்புறம் ஏசஸ் சவுண்ட் சிஸ்டம்ல (பெரிய ஸ்பீக்கர் வெச்சு ரெக்கார்டு போட்டு டான்ஸ் நடத்துற குழு) டீஜேவா மைக் பிடிச்சு ராத்திரி ராத்திரியா டான்ஸ்ல பாடி (அங்க டீஜேன்னா ரெக்கார்டு போடுறவர் இல்ல, ரெக்கார்டு மேல பேசிப் பாடுறவர்), எந்த நிறத்த சொல்லி ஒதுக்குனாங்களோ அதையே தன் பேரா வெச்சுக்கிட்டு பொண்ணுங்களுக்கு என்னத்தான் பிடிக்கும்னு பாடுனார் பாருங்க, அதுல எனக்கு இவர் மேல அவ்ளோ மரியாதை.

போட்டியில பழகுன கை இந்த ஆல்பம் முழுக்க தெரியுது. டைட்டில் பாட்டோட ரிதம், அதாவது பின்னணி இசை, புதுசே இல்ல, 60கள்ல ஆல்டன் எல்லிஸ் பாடுன மேட் மேட் பாட்டோடது, ஆனா அதுமேல இவர் போட்ட அந்த ஒரு வரி ட்யூன பின்னாடி அமெரிக்க ராப்பர்ஸ் எத்தனையோ பேர் எடுத்துப் பாடிட்டாங்க. ஹூ கேன் மேக் த டான்ஸ் ராம் இன்னும் அழகு. கேண்டி மேன் பாட்டோட மெட்ட எடுத்து "யாரால முடியும்"னு கேட்டு, யெல்லோமேனாலன்னு அவரே பதில் சொல்லுவார், கூட்டத்தோட கவனம் ஒரு செகண்ட் கூட நழுவக்கூடாதுங்குற தவிப்பு குரல்லயே இருக்கு.

நான் முதல்ல போன்லதான் கேட்டேன், சப்புன்னு இருந்துச்சு. பெரிய பாக்ஸ்ல போட்டப்புறம்தான் பேஸ் தரை வழியா கால்ல ஏறுச்சு, அதுக்கு நடுவுல அவர் வார்த்தைய எங்க நிறுத்துறார் எங்க வழுக்கிட்டுப் போறார்னே அப்பதான் புரிஞ்சுது.

குறைன்னா, இவர் பாட்டுகள்ல அங்கங்க ஆபாசம் வரும், ஸ்லாக்னெஸ்னு அங்க அதுக்குப் பேரு, வீட்ல எல்லாரும் இருக்கும்போது போடாதீங்க. ஆன்லைன்ல வாங்குனதுல எனக்கு வந்த பிரதி ஓரம் லேசா வளைஞ்சிருந்துச்சு, கடைக்காரர் மாத்திக் குடுக்கவே இல்ல, அதனால வந்ததும் தட்டையா வெச்சுப் பாத்துக்கோங்க. 1984ல சிபிஎஸ் மூலமா வந்த கிங் யெல்லோமேன் பெரிய கம்பெனி ரெக்கார்டுதான், ஆனா எனக்கு அதுல இந்த சூடு இல்ல. முதல்ல வாங்குறதா இருந்தா இத வாங்குங்க, அடுத்து 1982ல வந்த மிஸ்டர் யெல்லோமேன்.