வீட்டு வாடகைப் பராமரிப்புச் சேவை: இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஒரு மதிப்பீடு

சென்னை மேடவாக்கத்தில் உள்ள எங்கள் இரு படுக்கையறை அடுக்குமாடி வீட்டைக் கோயம்புத்தூரில் இருந்துகொண்டு கவனிப்பது இயலாமல் போனதால், 2023 ஆகஸ்டில் அதை ஒரு பராமரிப்பு நிறுவனத்திடம் ஒப்படைத்தேன். குடிவருபவரைத் தேடித் தருவது, வாடகையை வசூலித்து என் கணக்கில் செலுத்துவது, பழுது பார்ப்பது, காலி செய்யும் நாளில் வீட்டைச் சரிபார்த்துச் சாவியைப் பெறுவது ஆகியவை அவர்கள் ஏற்ற வேலைகள். நான் பார்த்த வரையில் இத்தகைய நிறுவனங்களின் ஒப்பந்தங்கள் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்தவையாக இருப்பதால், பெயரைச் சொல்வதைவிட நடந்ததைச் சொல்வதே பயன்படும்.

முதலில் கட்டணம். வாடகை மாதம் 18,000 ரூபாய். ஆள் தேடித் தந்ததற்கு ஒரு மாத வாடகை, அதன் பிறகு மாதந்தோறும் வாடகையில் 8 விழுக்காடு, இரண்டின் மேலும் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி. முதல் பதினொரு மாதங்களில் 1,98,000 ரூபாய் வாடகைக்கு ஏறத்தாழ 40,000 ரூபாய் நிறுவனத்துக்குப் போயிற்று. அதாவது ஐந்தில் ஒரு பங்கு. வருமான வரிக் கணக்கில் சொத்து வரி போக எஞ்சும் வாடகையில் 30 விழுக்காடு நிலையான கழிவாகக் கிடைக்கும் என்பதோடு சரி. இந்தக் கட்டணத்தைத் தனிச் செலவாகக் காட்டிக் கழித்துக்கொள்ள வழியில்லை.

வசூலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலும் ஏழாம் தேதிக்குள் பணம் வந்துவிடும், ரசீதும் வரும். அவர்கள் செய்த மிகச் சிறந்த வேலை, குடிவரும் நாளில் வீட்டின் ஒவ்வொரு மூலையையும் தேதியுடன் படமெடுத்து, இரு தரப்புக்கும் அனுப்பி வைத்ததுதான். முதல் குடும்பம் காலி செய்தபோது கைகழுவும் தொட்டியில் இருந்த விரிசலைப் பார்த்து, அதற்கான தொகையை முன்பணத்தில் பிடிக்கச் சொன்னேன். பழைய படத்தைத் திறந்தால் அதே விரிசல் அங்கே இருந்தது. தவறு என்னுடையது. 54,000 ரூபாய் முன்பணத்தையும் முழுமையாகத் திருப்பிக் கொடுத்தோம். உடன்பாடு வேறுவிதமாக இல்லாத நிலையில் முன்பணம் மூன்று மாத வாடகையை மீறக் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும் என்பன தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் விதிகள். பத்து மாத அட்வான்ஸ் வாங்கிப் பழகிய சென்னைக்கு இது இன்னும் முழுதாகப் பழகவில்லை.

அந்தச் சட்டம் 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதோடு, துணை ஆட்சியர் நிலையிலுள்ள வாடகை அதிகாரியிடம் இணையவழியே பதிந்து பதிவு எண்ணும் பெற வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தத்துக்குப் பதிவே தேவையில்லை என்று நிறுவனத்தின் ஊழியர் உறுதியாகச் சொன்னார். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கே கட்டாயப் பதிவு என்ற பழைய பதிவுச் சட்டத்தின் கணக்கு அது. வாடகைச் சட்டம் அப்படிக் காலத்தைப் பார்த்து விலக்கு அளிப்பதில்லை. நான் வற்புறுத்தியதும் படிவத்தை நிரப்பித் தந்தார்கள். ஆனால் அதில் சொத்து மேலாளரின் பெயரையும் முகவரியையும் எழுதும் இடத்தை வெற்றாக விட்டிருந்தார்கள். மாதந்தோறும் கட்டணம் வாங்குபவர்கள் பெயரை எழுதத் தயங்கியது எனக்கு உவப்பாக இல்லை. எழுதச் சொல்லி வாங்கினேன்.

பழுது பார்ப்பதில்தான் சேவை தடுமாறியது. குளியலறைக் குழாயின் வாஷரை மாற்றியதற்கு 650 ரூபாயை என் வாடகையில் பிடித்தார்கள். அதே சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி குழாய், வாஷர், மின்விசைகள், பூட்டு, சன்னல் கண்ணாடி போன்ற சிறு பழுதுகள் குடியிருப்பவரின் பொறுப்பு. கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய்ப் பதிப்பு, மின்கம்பி ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு. அட்டவணையை அனுப்பியதும் தொகை திரும்பி வந்தது. மாறாக, உண்மையிலேயே என் பொறுப்பான ஒன்று, அதாவது சுவருக்குள் ஓடும் குழாயில் ஏற்பட்டுக் கீழ்வீட்டுக் கூரை வரை இறங்கிய கசிவு, பதினொரு நாள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. கடைசியில் அடுக்குமாடிச் சங்கச் செயலாளர் தமக்குத் தெரிந்த பிளம்பரை வரவழைத்து ஒரே காலைப்பொழுதில் முடித்துத் தந்தார்.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. இரண்டாவதாகக் குடிவந்தவர் வேலை இழந்து ஒரு மாத வாடகையைத் தாமதித்தபோது, தண்ணீரை இரண்டு நாள் நிறுத்தினால் பணம் தானாக வரும் என்று களப்பணியாளர் எனக்குத் தொலைபேசியில் யோசனை சொன்னார். இன்றியமையாத வசதிகளை உரிமையாளர் தாமாகவோ பிறரைக் கொண்டோ நிறுத்துவதைச் சட்டம் தடுக்கிறது. சட்டம் தடுக்காவிட்டாலும் குழந்தை இருக்கும் வீட்டில் செய்யத்தக்க காரியமா அது? நானே அவரை அழைத்துப் பேசினேன். பாக்கியை இரண்டு தவணைகளில் கொடுத்து முடித்தார். இன்றும் அவரே குடியிருக்கிறார்.

எனக்கு அதிக இழப்பைத் தந்தது இவற்றுள் எதுவுமில்லை, அந்தப் பதினொரு மாதக் கணக்குதான். ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாற நம் ஊரில் பெரும்பாலோர் விரும்புவதில்லை. ஆடி முடிந்து ஆவணியிலும், மார்கழி முடிந்து தையிலும்தான் பால் காய்ச்சுவார்கள். ஆவணியில் தொடங்கும் பதினொரு மாத ஒப்பந்தம் ஆடியில் முடியும், தையில் தொடங்குவது மார்கழியில் முடியும். எங்கள் முதல் குடும்பம் 2024 ஜூலை இறுதியில் காலி செய்தது. வீட்டைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஆவணி பிறக்கட்டும் என்றார்கள். செப்டம்பர் வரை வீடு பூட்டியே கிடந்தது. அந்த ஐந்து வாரங்களுக்கு வாடகையும் இல்லை, சங்கத்துக்குக் கட்டும் மாதக் கட்டணமும் என் தலையில். புதியவர் வந்ததும் ஆள் தேடித் தந்ததற்காக மறுபடியும் ஒரு மாத வாடகையை நிறுவனம் எடுத்துக்கொண்டது. குடியிருப்பவர் நெடுநாள் தங்கினால் உரிமையாளருக்கு ஆதாயம். அவர் போய் வேறொருவர் வந்தால் நிறுவனத்துக்கு ஆதாயம். வசூலில் காட்டிய சுறுசுறுப்பைப் பழுது பார்ப்பதில் அவர்கள் காட்டாததற்கான காரணத்தை அந்தக் கட்டண முறையிலேயே நான் கண்டுகொண்டேன்.

வெளிநாட்டிலோ தொலைவிலோ இருப்பவர்களுக்கும், வயது காரணமாக அலைய முடியாதவர்களுக்கும் இந்தச் சேவை உதவும் என்பதை மறுக்க மாட்டேன். அதே ஊரில் இருப்பவர், படமெடுத்து வைப்பதையும் இணையப் பதிவையும் தாமே செய்துகொண்டு, நம்பகமான ஒரு பிளம்பரின் எண்ணையும் ஓர் எலெக்ட்ரீஷியனின் எண்ணையும் வைத்திருந்தால், இந்த ஐந்தில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டியதில்லை.

2025இல் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது மூன்று நிபந்தனைகள் வைத்தேன். வாடகைக் காலம் ஆடியிலோ மார்கழியிலோ முடியக் கூடாது. 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட எந்தப் பழுதுக்கும் முன்கூட்டியே என் ஒப்புதல் வேண்டும். குடியிருப்பவர் இரண்டு ஆண்டுகளுக்குள் காலி செய்தால், அடுத்தவரைத் தேடித் தருவதற்குப் பாதிக் கட்டணம் மட்டுமே தரப்படும். முதல் இரண்டுக்கும் உடனே சம்மதித்தார்கள். மூன்றாவது குறித்து மேலிடத்தில் பேசிவிட்டுச் சொல்வதாக அன்று சொன்னதுதான், இன்னும் பதில் வரவில்லை.