வெளிமாநில எல்க் வில்வேட்டை: எந்த மாநிலம், எந்த மலை, எந்த முகாம்?

அமெரிக்க மலைகளில் வாழும் பெரிய மான் வகையான எல்க்கை வேட்டையாடத் திட்டம் போடுகிறவர்கள் பலர் "பெரிய கொம்பு எங்கே கிடைக்கும்?" என்ற கேள்வியில்தான் தொடங்குகிறார்கள். பழக்கமில்லாத அரசு நிலத்தில் வில்லோடு முதல்முறை நுழைகிறவருக்கு அந்தக் கேள்வியால் பெரிய பயன் இல்லை. அதே மலைக்கு அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் போக முடியுமா? விழுந்த விலங்கின் இறைச்சியைக் கெடாமல் வெளியே கொண்டுவர முடியுமா? இந்த இரண்டு கேள்விகளை வைத்துத்தான் கீழே ஒவ்வொன்றையும் எடைபோட்டிருக்கிறோம்.

மாநிலம்: கொலராடோ, மொன்டானா, ஐடஹோ, வயோமிங்

அமெரிக்காவிலேயே எல்க் எண்ணிக்கை அதிகம் உள்ள மாநிலம் கொலராடோ. வில் பருவம் செப்டம்பர் 2 முதல் 30 வரை. கடையில் போய் டேக் (விலங்கை வேட்டையாடத் தரும் அனுமதிச்சீட்டு) வாங்கிக்கொண்டு மலையேறும் வசதி இங்கே நெடுநாள் இருந்தது. வெளிமாநிலத்தவருக்கு அது 2025 முதல் இல்லை. குலுக்கலில் பெயர் வந்தால்தான் டேக். விண்ணப்பம் ஏப்ரல் தொடக்கத்தில் முடிந்துவிடும். அதற்கு முன்பே தகுதி உரிமம் ஒன்றை, உதாரணத்துக்குச் சிறுவேட்டை உரிமத்தை, வாங்கியிருக்க வேண்டும்; இதை மறந்து விண்ணப்பமே போட முடியாமல் நிற்பவர்கள் உண்டு. முதல் விருப்பத்தில் டேக் கிடைத்தால், கிடைக்காத ஆண்டுகளில் சேர்த்துவைத்த முன்னுரிமைப் பாயின்ட் போய்விடும், இரண்டாம் விருப்பத்தில் கிடைத்தால் போகாது. ஆகவே பாயின்ட் சேர்த்துக்கொண்டே எளிதில் கிடைக்கும் யூனிட்டை (மாநிலம் பிரித்துவைத்த வேட்டைப் பகுதி) இரண்டாம் விருப்பமாகப் போடுவது நல்ல வழி. குறை என்னவென்றால் கூட்டம். கடையில் டேக் விற்ற யூனிட்டுகளில் பத்து வில்வேட்டைக்காரர்களில் ஒருவர் அளவில்தான் எல்க்கோடு திரும்பினார்கள்.

மொன்டானாவின் பலம் காலம். செப்டம்பர் முதல் சனிக்கிழமை வாக்கில் தொடங்கி அக்டோபர் நடுப்பகுதி வரை ஆறு வாரம் வில் பருவம் ஓடும். அதே பொது உரிமத்தோடு அக்டோபர் கடைசியில் தொடங்கும் துப்பாக்கிப் பருவத்துக்கும் திரும்பி வரலாம். விண்ணப்பக் கடைசி நாள் ஏப்ரல் 1. வில்லுக்குத் தனி உரிமம் உண்டு. அதை வாங்க வில்வேட்டைப் பயிற்சிச் சான்றோ, முன்பு ஏதாவது ஒரு மாநிலத்தில் எடுத்த வில் உரிமமோ காட்ட வேண்டும். மிசோரி பிரேக்ஸ் போன்ற பேர்பெற்ற பகுதிகளுக்குப் பொது உரிமம் போதாது, தனி பெர்மிட் வேண்டும். விலை கூடுதல்தான், ஆனால் ஆறு வாரத்தில் எந்த வாரத்தையும் தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

ஐடஹோவில் பாயின்ட் முறையே இல்லை. பத்தாண்டு காத்திருந்தவருக்கும் இன்று முதல்முறை வருகிறவருக்கும் ஒரே வாய்ப்பு. பழைய வரிசைமுறை போய், 2026 பருவத்திலிருந்து வெளிமாநிலத்தவருக்கான பொதுப்பருவ டேக்குகளும் குலுக்கலுக்கு வந்துவிட்டன. விண்ணப்பம் முந்தைய டிசம்பரிலேயே போட வேண்டும். அதாவது மற்ற மாநிலங்களின் முடிவு தெரியும் முன்பே இங்கே முடிவெடுத்தாக வேண்டும். பெரும்பாலான மண்டலங்களுக்கு ஏ டேக், பி டேக் என்று இரண்டு வகை இருக்கும். வில்லுக்கு நீண்ட நாட்கள் எது தருகிறது என்று மண்டலவாரியாகப் படித்துப் பாருங்கள். வரைபடத்தில் சாலையே இல்லாத பரப்பைப் பார்த்து மயங்குவதுதான் ஐடஹோவின் பொறி. லோலோ மண்டலம் ஒரு காலத்தில் எல்க்குக்குப் பேர்போனது. காடு அடர்ந்து மேய்ச்சல் குறைந்தது, 1996–97 குளிர்காலம் மந்தையை அடித்துப்போட்டது, கரடியும் பூமாவும் பின்னர் ஓநாயும் மீளவிடவில்லை. காடு அப்படியே இருக்கிறது, எல்க் மட்டும் அந்த அளவில் இல்லை.

வயோமிங்கில் விலங்கு அடர்த்தியும் தரமும் நன்றாக இருக்கும். ஆனால் இரண்டு தடைகள். பொது டேக்குக்கே இப்போது பல ஆண்டு பாயின்ட் தேவைப்படுகிறது. வழக்கமான கட்டணம் 700 டாலரை ஒட்டி. வாய்ப்பு சற்றுக் கூடும் ஸ்பெஷல் வகை 1,950 டாலரை ஒட்டி. இரண்டாவது தடை சட்டம்: மத்திய அரசு வில்டர்னஸ் (சாலையும் வண்டியும் இல்லாமல் காக்கப்படும் காடு) என்று அறிவித்த பகுதியில் வெளிமாநிலத்தவர் உரிமம் பெற்ற வழிகாட்டியோ, அதற்கான இலவச அனுமதி எடுத்த உள்ளூர்வாசியோ இல்லாமல் பெருவிலங்கு வேட்டையாடக் கூடாது. நடைபயணம் போகலாம், மீன் பிடிக்கலாம், எல்க்கை மட்டும் தொடக்கூடாது. டேக்கைக் கையில் வாங்கிய பிறகு யூனிட்டில் பெரும்பகுதி வில்டர்னஸ் என்று கண்டுபிடிப்பது கொடுமை. விண்ணப்பத்துக்கு முன்பே எல்லைக்கோட்டைப் பாருங்கள்.

நியூ மெக்சிகோவிலும் பாயின்ட் கிடையாது, காளைகள் (ஆண் எல்க்குகள்) அருமை. ஆனால் வழிகாட்டி இல்லாத வெளிமாநிலத்தவருக்குக் குலுக்கலில் 6 சதவீதம்தான் ஒதுக்கீடு. ஆண்டுதோறும் விண்ணப்பம் போட்டுவையுங்கள், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

எங்கள் தேர்வு: அடிக்கடி போக வேண்டும் என்றால் கொலராடோவை அடித்தளமாக வைத்து, மொன்டானாவுக்கு ஆண்டுதோறும் விண்ணப்பிப்பது. சுமாரான யூனிட்டாக இருந்தாலும் மூன்று ஆண்டு தொடர்ந்து நடந்தவர், சிறந்த யூனிட்டில் ஒரே ஒரு முறை நிற்பவரைவிட எல்க்குக்கு அருகில் இருப்பார். ஊற்று எங்கே, மதியம் எந்தச் சரிவில் படுக்கின்றன, ஆள்நடமாட்டம் கூடினால் எந்த முகட்டைத் தாண்டி ஓடுகின்றன என்பதெல்லாம் செயற்கைக்கோள் படத்தில் வராது.

சட்டப்படி நுழையும் வழி

தேசிய வனம், பி.எல்.எம் (மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை) நிலம் இரண்டும் பொதுவாகத் திறந்தவை. மாநில அறக்கட்டளை நிலம் அப்படியல்ல. கொலராடோவில் அணுகல் திட்டத்தில் சேர்க்கப்பட்ட துண்டுகளில் மட்டுமே வேட்டையாடலாம். சதுரங்கக் கட்டம் போல அரசு நிலமும் தனியார் நிலமும் மாறிமாறி வரும் இடங்களில் ஒரு அரசு கட்டத்திலிருந்து அடுத்த அரசு கட்டத்துக்கு மூலைக்கு மூலை தாண்டலாமா என்பது பழைய வழக்கு. தனியார் தரையில் கால் படாமல் தாண்டுவது அத்துமீறல் ஆகாது என்று பத்தாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் (ஒவ்வொரு சுற்றும் சில மாநிலங்களுக்கான மத்திய நீதிமன்ற வட்டம்) 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது, அந்த ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. வயோமிங், கொலராடோ, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகியவை அந்தத் தீர்ப்பின் கீழ் வரும். மொன்டானாவும் ஐடஹோவும் வேறு சுற்றில் இருப்பதால் அங்கே அதை நம்பிக் காலை நீட்டாதீர்கள்.

எந்த மலைச்சாலை எந்தத் தேதி வரை வண்டிக்குத் திறந்திருக்கும் என்பதற்கு வனத்துறையின் மோட்டார் வாகனப் பயன்பாட்டு வரைபடமே ஆதாரம், இலவசமாகக் கிடைக்கும். ஆன்எக்ஸ் செயலி நில உரிமையைத் தெளிவாகக் காட்டும், ஆனால் கிளம்புமுன் அந்தப் பகுதியைக் கைப்பேசியில் இறக்கி வைத்திருக்க வேண்டும். பள்ளத்தாக்கில் சிக்னல் வராது.

ஆழ்ந்த காடா, சாலையை ஒட்டிய மடிப்பா

"ஐந்து மைல் உள்ளே போனால் ஆளே இருக்காது" என்பது பாதி உண்மை. ஒரேகனின் ஸ்டார்க்கி சோதனைக் காட்டில் 1989 முதல் நடக்கும் ஆய்வுகள், எல்க்குகள் வண்டி ஓடும் சாலைகளை விட்டு விலகுவதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஆனால் பாதை தொடங்கும் இடத்தில் குதிரை ஏற்றிவரும் டிரெய்லர்கள் வரிசையாக நின்றால், ஐந்தாவது மைலில் உங்களுக்கு முன்பே ஒரு கூடாரம் இருக்கும். அதே நேரம், சாலைக்கு ஒரு மைலுக்குள் பாதையே இல்லாத செங்குத்துப் பள்ளம் ஒன்றில் ஆறேழு பெண் எல்க்குகளும் ஒரு காளையும் நிம்மதியாகப் படுத்திருக்கும். நடைபாதை இல்லை, ஏறுவது கடினம், மேலிருந்து பார்த்தால் தெரியாது: இந்த மூன்றும் சேர்ந்த இடத்தைத் தேடுங்கள். அத்தகைய மடிப்புகளையே முதலில் போய்ப் பார்க்கச் சொல்வோம்.

வரைபடத்தில் குறிக்க வேண்டியவை: வடக்கு நோக்கிய அடர்காட்டுச் சரிவு, அந்தச் சரிவின் நடுவே சமவுயரக் கோடுகள் விலகிக் காட்டும் தட்டையான திட்டு, ஊற்று, பத்தாண்டுக்கு முன் காட்டுத்தீயில் எரிந்த பரப்பு. இவை அரை மைலுக்குள் சேர்ந்து வரும் இடங்களாகக் குறைந்தது ஐந்து வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் வெவ்வேறு பாதைத் தொடக்கங்களில். ஒன்றரை நாளில் புதிய சாணமோ எல்க் புரண்டு ஈரம் காயாத சேற்றுக்குழியோ கண்ணில் படாவிட்டால் அடுத்ததுக்கு நகர்ந்துவிட வேண்டும். அழகான இடம் என்பதற்காக வெறுங்காட்டில் ஒரு வாரம் உட்காருவதுதான் புதியவர்களின் வேட்டையை அதிகம் விழுங்குகிறது.

ஜூலையில் ஒரு முன்பயணம் போவதா, பருவத்துக்கு மூன்று நாள் முன்னதாகப் போய்ச் சேர்வதா? தூரத்திலிருந்து வருகிறவருக்கு இரண்டாவதுதான். ஜூலையில் காளைகள் மரங்கள் வளரும் உயரத்துக்கு மேலே கூட்டமாக மேயும். செப்டம்பரில் பெண் எல்க்குகள் இருக்கும் இடத்துக்குப் போய்விடும். அதோடு 3,000 மீட்டர் உயரம் உடம்புக்குப் பழக அந்த மூன்று நாள் வேண்டும். தலைவலியும் குமட்டலுமாகத் தொடக்க நாளைக் கூடாரத்தில் கழிப்பவர்கள் கணக்கில்லை.

வண்டியருகே முகாமா, முதுகுப்பை முகாமா

இதை இறைச்சிக் கணக்குதான் தீர்மானிக்க வேண்டும். வளர்ந்த காளையிலிருந்து எலும்பு நீக்கிய இறைச்சி 90 முதல் 110 கிலோ. ஒருவர் ஒரு நடைக்கு 27 கிலோ என்றால் நான்கு சுமை. விலங்கு நான்கு மைல் உள்ளே விழுந்தால், முதல் சுமையோடு வெளியே 4 மைல், பிறகு மூன்று முறை போய்வர 24 மைல்: மொத்தம் 28. அதில் 16 மைல் முதுகில் சுமையோடு. தனியாளுக்கு இரண்டு மூன்று நாள் வேலை, செப்டம்பர் வெயிலில். இரண்டு மைல் என்றால் மொத்தமே 14. தனியாகப் போகிறவர் இரண்டு மைலைத் தாண்டக் கூடாது, இருவர் என்றால் மூன்றரை வரை போகலாம். அதற்கு மேல் என்றால் குதிரைக்கு முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும்.

வண்டி முகாமின் இன்னொரு லாபம், இடம் மாறுவது ஒரு மணி நேர வேலை. இழப்பு, அதிகாலை மூன்றரைக்கே எழுந்து இருட்டில் ஏற வேண்டியிருக்கும். முதுகுப்பை முகாம் எல்க் எங்கே என்று தெரிந்த பிறகு சிறப்பு. தெரியாத முதல் ஆண்டில் அது உங்களை ஒரே பள்ளத்தாக்கில் கட்டிப்போடும். முதல் ஆண்டு வண்டியருகே தங்கி, பையில் ஒரு இரவுக்கான தூக்கப்பையும் தார்ப்பாயும் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் காளையின் குரல் கேட்டால் அங்கேயே படுத்துவிடலாம்.

மொன்டானாவின் மேற்குப் பகுதியிலும் வயோமிங்கின் வடமேற்கிலும் கிரிஸ்லி கரடி உண்டு, கொலராடோவில் இல்லை. கிரிஸ்லி நாட்டில் கரடி ஸ்பிரே இடுப்பில் இருக்க வேண்டும், பைக்குள் அல்ல. விமானத்தில் அதைக் கொண்டுபோக முடியாது, அங்கே போய்த்தான் வாங்க வேண்டும். இறைச்சியைக் குடல் கிடக்கும் இடத்திலிருந்து 100 கெஜம் தள்ளி, திரும்பி வரும்போது தூரத்திலேயே கண்ணுக்குத் தெரியும்படி தொங்கவிடுங்கள்.

எந்த வாரம், எந்த மணி

செப்டம்பர் முதல் வாரத்தில் காளைகள் அதிகம் கூவாது. சேற்றுக்குழி, தண்ணீர் அருகே பதுங்கல்தான் கைகொடுக்கும். 15 முதல் 25 வரை இனச்சேர்க்கை உச்சம். குரலைக் கேட்டு நெருங்கலாம், ஆனால் மற்ற வேட்டைக்காரர்களும் அதே வாரத்தில்தான் வருவார்கள். ஒரே வாரம்தான் விடுப்பு என்றால் அதையே எடுங்கள். தெரியாத நாட்டில் காளையே குரல் கொடுத்து இருப்பிடத்தைச் சொல்வது பெரிய உதவி.

காற்றைப் பற்றி ஒரு விஷயம் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். விடியலில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே வழியும். ஆகவே காலையில் எல்க்குக்குக் கீழேயோ பக்கவாட்டிலோ இருந்து நெருங்கலாம். வெயில் சரிவில் ஏறியதும், ஒன்பது, ஒன்பதரை வாக்கில், காற்று தடுமாறும். காற்றின் திசை பார்க்கும் பொடிக்குப்பியை அமுக்கினால் தூள் ஒரு அடி கீழே போய், நின்று, வட்டமிட்டு, திரும்பி முகத்துக்கே வரும். அந்த அரைமணி நேரம் அசையாமல் இருங்கள். நிலையாக மேல்நோக்கி ஓடத் தொடங்கிய பிறகு, மேலிருந்து சுற்றி வாருங்கள். படுத்திருக்கும் கூட்டத்தை ஒன்பது மணி அவசரத்தில் கலைத்தால், அது அன்றே அந்தப் பள்ளத்தாக்கை விட்டுப் போய்விடும்.

வில்லைப் பொறுத்தவரை சுருக்கமாக: கொலராடோவில் குறைந்தபட்ச இழுவிசை 35 பவுண்டு, ஐடஹோவில் 40, வயோமிங்கில் எல்க்குக்கு 50. நடைமுறையில் 60க்கு மேல், 450 கிரெயினை (சுமார் 29 கிராம்) ஒட்டிய எடையுள்ள அம்பு, நிலையான பிளேடு முனை. விரியும் முனை பெரிய காயம் தரும், ஆனால் சாய்கோணத்தில் விலா எலும்பில் பட்டால் ஊடுருவும் ஆற்றலை விரிவதிலேயே இழக்கிறது. எல்க்கின் எலும்புக்கு நிலையான முனையே நம்பகம். இரு நுரையீரலும் துளைத்தால் அரைமணி காத்திருங்கள், கல்லீரல் என்றால் நான்கு முதல் ஆறு மணி, குடல் என்றால் எட்டுக்கு மேல்.

இறைச்சி: குடல் திறப்பதா, திறக்காமலா

மலையில் தனியாக இருக்கும்போது குடலைத் திறக்காத முறையே மேல். விலங்கை ஒருக்களித்துப் போட்டு முதுகெலும்பு நெடுகத் தோலைக் கீறி வயிற்றுப் பக்கமாக உரித்துவிடுங்கள். முன்கால் எலும்பு மூட்டால் உடலோடு இணைந்திருக்காது. கத்தியை விலாவுக்கும் தோள்பட்டைக்கும் இடையில் ஓட்டினாலே கழன்று வரும். பின்காலைக் குண்டுமூட்டில் பிரியுங்கள். முதுகுச்சதை, கழுத்துச்சதை, கடைசி விலாவுக்குப் பின்னால் கைவிட்டு உட்சதை, பிறகு மறுபக்கம் புரட்டல். பாலினச் சான்று இறைச்சியோடு ஒட்டியே இருக்க வேண்டும் என்று பல மாநிலங்கள் கேட்கின்றன; ஒரு பின்காலில் அதை விட்டுவையுங்கள்.

கெடுவது எப்போதும் பின்காலின் குண்டுமூட்டைச் சுற்றித்தான் தொடங்குகிறது. அங்கே சதை தடிமன், சூடு வெளியேறாது. எலும்பு வரை ஒரு நீள வெட்டுப் போட்டுத் திறந்து, துணிப்பையில் போட்டு, நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பை சூட்டை அடைத்துவிடும்.

வீடு ஒரு நாள் ஓட்டத்துக்குள் என்றால் இரண்டு பெரிய கூலரும் ஐஸும் போதும். உருகும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிட வேண்டும். விமானத்தில் திரும்புவதானால், கிளம்பும் முன்பே அந்த ஊரில் இறைச்சி வெட்டித்தருகிறவர்களைத் தொலைபேசியில் கேட்டு வையுங்கள். செப்டம்பர் கடைசியில் அவர்களுடைய குளிர் அறைகள் நிரம்பிவிடும். மான், எல்க் இனங்களைக் கொல்லும் நரம்புநோய் (சி.டபிள்யூ.டி) பரவலைத் தடுக்க மூளையும் முதுகெலும்பும் மாநில எல்லை தாண்டுவதைப் பல மாநிலங்கள் தடுத்திருக்கின்றன. எலும்பு நீக்கிய இறைச்சிக்கும் சுத்தம் செய்த மண்டையோட்டுத் தகட்டோடு கூடிய கொம்புக்கும் அந்தச் சிக்கல் இல்லை. புறப்படும் மாநிலம், வழியில் கடக்கும் மாநிலம், போய்ச் சேரும் மாநிலம் மூன்றின் விதியையும் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.